நாய்க்கு நம்ம மாத்திரை வேண்டாமே!

தேசிங்கு ராஜாவையும் அவர் குதிரையையும் பத்திப் பெருமையா கதை சொல்ற ஊரு எங்க செஞ்சி. ஆனா வீட்டு நாய் நொண்டினா, "அரை பாராசிட்டமால் குடுடா, சரியாயிடும்"னு சொல்றதும் இதே ஊருதான். நானும் ஒருநாள் மாத்திரையை உடைச்சுப் பாலில் கலக்கப் போனவன்தான்.

அது பாசம், வைத்தியம் இல்லை. பாராசிட்டமால் அளவு மீறினா நாயின் கல்லீரலும் ரத்தச் சிவப்பணுக்களும் கெடும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வயித்துல புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். மனுஷனுக்கான மாத்திரையில 'பாதி'ங்கிறது நாய்க்கான கணக்கே இல்லை.

அப்போ வீட்டுல என்னதான் செய்யலாம்? ஓட விடாதீங்க, மாடிப்படி ஏத்தாதீங்க. சாக்கை மடிச்சு மெத்துன்னு படுக்கை போடுங்க. புது வீக்கம்னா துணியில சுத்தின ஐஸை 10 நிமிஷம் வைங்க. வயசான நாயோட மூட்டு வலிக்கு இளஞ்சூட்டு ஒத்தடம் இதமா இருக்கும். வலியில வளர்த்தவங்களையே கடிக்கும், கவனம். காலை ஊனவே இல்லை, சாப்பிடலைன்னா காத்திருக்காம அரசு கால்நடை மருத்துவர்கிட்ட கொண்டு போங்க. மாத்திரை அளவை எடை பார்த்து அவர்தான் சொல்லணும்.

என்ன மாத்திரைன்னு நாய்க்குக் கேக்கத் தெரியாது. நாம குடுத்தா நம்பி முழுங்கிடும். அந்த நம்பிக்கைக்காகவாவது டாக்டர்கிட்ட ஒரு நடை போவோமே!