பாலாற்றங்கரையிலிருந்து சிங்கப்பூர் ஆற்றங்கரைக்கு

கடல் கடந்து செல்லுதல் நம் பகுதி மக்களுக்குப் புதிதன்று. புனித ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்கிறோம். வளைகுடா நாடுகளுக்குப் பிழைப்புத் தேடிச் செல்கிறோம். ஹாங்காங்கிலும் மிலானிலும் நடைபெறும் தோல் கண்காட்சிகளுக்கு வணிகர்கள் செல்கிறார்கள். அண்மைக் காலத்தில் இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துள்ளது. வழிபாட்டிற்காகவுமன்றி, வருவாய்க்காகவுமன்றி, ஊர் பார்ப்பதற்கென்றே மூன்று நான்கு நாள் சென்று வரும் பயணம் அது. அவ்வாறு செல்வோரில் பெரும்பாலோர் நாடும் முதல் ஊர் சிங்கப்பூர். அங்கு என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், மூன்று கோபுரங்களின் மேல் கப்பல் போல் அமர்ந்திருக்கும் விடுதி, செந்தோசாத் தீவு, முஸ்தபா அங்காடி, நீரை உமிழும் சிங்கமுக மீன்சிலை என்று ஒரே பட்டியல்தான் ஒப்பிக்கப்படுகிறது. பாலாற்றங்கரையிலிருந்து செல்லும் ஒருவர் அந்நகரில் முதன்மையாகப் பார்க்க வேண்டியது இவற்றுள் எதுவுமன்று, அங்குள்ள ஆறுதான் என்பது என் துணிபு.

அந்தச் சிங்கமுகச் சிலை 1972ஆம் ஆண்டில் ஆற்றின் முகத்துவாரத்தில் நிறுவப்பட்டது. 2002இல் இப்போதுள்ள இடத்திற்கு மாற்றப்பட்டது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எதிரேயுள்ள வளைகுடாவின் அழகில் மயங்கி நிற்பவர்கள், பின்னால் அமைதியாக வந்து சேரும் ஆற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சிலை வைத்த 1972இல் அந்த ஆறு மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்க வேண்டிய சாக்கடையாக இருந்தது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நகரத்தின் சின்னம் தூய நீரைச் சொரிந்துகொண்டிருந்தது. அதன் காலடியில் அழுக்கு ஓடிக்கொண்டிருந்தது!

இத்தகைய பயணத்தைத் தனியே மேற்கொள்வதே நன்று என்பேன். குழுவாகச் சென்றால் வழிகாட்டி கொடி பிடித்து முன்னே செல்வார். அவர் காட்டியதே ஊர், அவர் நிறுத்தியதே கடை. குடும்பத்தோடு சென்றாலோ பாதி நேரம் உணவைப் பற்றிய ஆலோசனையிலும் மீதி நேரம் உறவினர்க்கு வாங்கும் பொருள்களிலும் கழிந்துவிடும். தனியே செல்பவன் ஓரிடத்தில் ஒரு மணி நேரம் நின்றாலும் கேட்பாரில்லை. பேச்சுத் துணையில்லாததனால் அவன் அறிவிப்புப் பலகைகளைப் படிக்கிறான்; அறியாதவரிடம் வழி கேட்கிறான்; கேட்ட வழியில் இரண்டு செய்திகள் கூடுதலாகக் கிடைக்கின்றன. இபுனு பதூதா 1325இல் தம் 21ஆம் வயதில் தாஞ்சியரை விட்டுப் புறப்பட்டபோது துணைக்கு எவருமின்றியே புறப்பட்டார். பின்னாளில் நம் மதுரை வரை வந்து, கண்டதை உலகுக்குச் சொன்னார். தனிப் பயணத்தைக் குறித்து எச்சரிக்கும் நபிமொழி உண்டே என்று பெரியவர்கள் நினைவூட்டக்கூடும். இரவில் ஆளரவமற்ற வழியில் தனியே செல்வதன் ஆபத்தோடு பொருத்தி அதற்கு விளக்கம் கூறிய அறிஞர்கள் உளர். மேற்கொண்டு உரைப்பது ஆலிம்களின் பொறுப்பு. நான் தமிழாசிரியன். மாணவியர் தந்தையோடோ உடன்பிறந்தாரோடோ செல்லட்டும். பார்க்கும் கண் தன்னுடையதாக இருந்தால் போதும்.

இனி அந்த ஆற்றுக்கு வருவோம். அதன் நீளம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர்தான். காலைத் தொழுகை முடித்துக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் ஒரு கரையை முழுவதுமாக நடந்து முடித்துவிடலாம். நான் அப்படித்தான் நடந்தேன். முகத்துவாரத்திற்கு அருகில் 1869இல் கட்டப்பட்ட கவெனா பாலம் நிற்கிறது. மாடும் குதிரையும் இப்பாலத்தின் மேல் செல்லலாகாது என்னும் பழைய அறிவிப்பு இன்னும் அங்கு இருக்கிறது. தோல் வட்டாரத்துக்காரன் மாட்டைப் பற்றிய அறிவிப்பைப் படிக்காமல் நகர முடியுமா? பாலத்தருகே சிறுவர் ஐவர் ஆற்றில் குதிப்பது போன்ற வெண்கலச் சிலைத் தொகுதி உண்டு. அடுத்து வளைந்து செல்லும் படகுத்துறை. இன்று அங்கு உணவு விடுதிகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு காலத்தில் தூரத்துக் கப்பல்களிலிருந்து அரிசியும் இரப்பரும் மிளகும் தொங்கான்களில் ஏற்றிவரப்பட்டு இறக்கப்பட்ட இடம் அது.

அந்தத் தொங்கான்களைத் தொடக்கக் காலத்தில் செலுத்தியவர்கள் யார் என்பதை நம் மாணவர்கள் அறிய வேண்டும். சூலியர் என்று அந்நாட்டு ஏடுகள் குறிக்கும் சோழமண்டலக் கரை முஸ்லிம்களே அவர்கள். சீனர் அத்தொழிலில் மேலோங்கியது பின்னர்தான். 1822இல் வகுக்கப்பட்ட நகர அமைப்புத் திட்டத்தில் ஆற்றின் மேற்புறத்தில் சூலியர் குடியிருப்பு என்றே ஓரிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அவர்கள் 1826இல் தோற்றுவித்த ஜாமிஆ பள்ளிவாசல் ஆற்றிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், சவுத் பிரிட்ஜ் சாலையில், இன்றும் தொழுகை நடைபெறும் பள்ளியாக விளங்குகிறது. அதே சாலையில் சில அடிகள் தள்ளி மாரியம்மன் கோயில். இன்னும் சற்று நடந்தால் தெலுக் ஆயர் தெருவில் 1830 அளவில் கட்டி முடிக்கப்பட்ட நாகூர் தர்கா நினைவிடம். கட்டிய நாளில் அதன் வாசலுக்கு எதிரே கடல் இருந்தது, இன்று வானளாவிய அலுவலகங்கள் இருக்கின்றன. தர்கா வழக்கங்களைப் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அவை ஒருபுறம் இருக்க, அக்கட்டடம் 1974இல் நாட்டின் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டுக் காக்கப்பட்டு வருவது நோக்கத்தக்கது. நாகூர் முகம்மது அப்துல் காதிர் புலவரின் ‘முனாஜாத்துத் திரட்டு’ 1872இல் அந்நகரில் அச்சேறியது. மகுதூம் சாயபு நடத்திய ‘சிங்கை நேசன்’ வார இதழ் 1887இல் அங்குத் தோன்றியது. ஆற்றில் படகு தள்ளிய சமுதாயம் அரை நூற்றாண்டுக்குள் அச்சுக்கூடத்திற்கும் வந்து சேர்ந்துவிட்டது. தமிழ்த்துறை மாணவர்க்கு இதைவிடச் சிறந்த சுற்றுலாத்தலம் வேறு எது?

ஆயினும் நான் ஆற்றை முதன்மைப்படுத்துவது இவ்வரலாற்றிற்காக மட்டுமன்று. ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஆறு ஊருக்கு உழைத்தது. ஊர் தன் கழிவையெல்லாம் ஆற்றில் கொட்டியது. தெருவோர உணவுக் கடைகளின் எச்சில், பட்டறைகளின் எண்ணெய், குடிசைகளின் மலக்கழிவு, மேற்பகுதிப் பன்றிப் பண்ணைகளின் கழிவு யாவும் அதில் கலந்தன. 1977 பிப்ரவரியில் நீர்த்தேக்கம் ஒன்றைத் திறந்துவைத்த தலைமை அமைச்சர் லீ குவான் யூ, பத்தாண்டுகளில் இவ்வாற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என்று இலக்கு வைத்தார். 1987இல் பணி நிறைவேறியதை விழாவெடுத்துக் கொண்டாடினார்கள்.

எவ்வாறு இயன்றது என்பதே சிந்திக்கத்தக்கது. முதலில் அழுக்கை அள்ளவில்லை. அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, அங்குப் பிழைப்பவர்க்கு மாற்றிடம் தந்தார்கள். ஆயிரக்கணக்கான குடிசைவாழ் குடும்பங்களுக்கு அடுக்குமாடி வீடுகள் கிடைத்தன. பட்டறைகள் கழிவுநீர் வசதியுள்ள தொழிற்கூடங்களுக்குச் சென்றன. தெருவோர உணவு வணிகர்கள் குழாய்நீரும் சாக்கடையும் அமைந்த பொது உணவு மையங்களுக்குள் வந்தார்கள். அன்று தூய்மைக்காகக் கட்டப்பட்ட அத்தகைய மையங்களில் வளர்ந்த உணவுப் பண்பாட்டைத்தான் 2020இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. (நம் ஆம்பூர் பிரியாணிக்கு அத்தகைய கவனிப்பு என்று வருமோ!) ஏறக்குறைய 800 சரக்குப் படகுகள் 1983இல் பாசிர் பாஞ்சாங் துறைக்கு அனுப்பப்பட்டன. பின்னர் 2008இல் வளைகுடாவின் வாயில் தடுப்பணை ஒன்று அமைக்கப்பட்டது. முன்பு சாக்கடையாக ஓடிய ஆறு இன்று சேர்வது குடிநீருக்கான நீர்த்தேக்கத்தில்!

குறை இல்லாமல் இல்லை. படகோட்டிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த துறையை இழந்தார்கள். இன்று ஆற்றில் ஓடும் படகுகள் சுற்றுலாப் பயணிகளை மட்டுமே ஏற்றுகின்றன. உழைக்கும் ஆறு காட்சிப் பொருளாகிவிட்டது என்று வருந்துவோர் அந்நாட்டிலேயே உண்டு. பழைய படகுத்துறையின் இரைச்சலை வெண்கலச் சிலைகள் ஈடுசெய்துவிடா என்றே எனக்கும் தோன்றியது. ஆயினும் அச்சிலைகளைத் தாண்டி எட்டிப் பார்த்தபோது, அடியில் தெரிந்த நீர் என்னை வேறு திசையில் இழுத்துச் சென்றது.

அத்திசை மாதனூர். ஊரையொட்டிக் கிடக்கும் பாலாற்று மணலில் கையால் தோண்டினாலே ஊற்று சுரந்த காலத்தை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அன்று ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டார்கள். 1970களில் பதனிட்ட தோலாகவே ஏற்றுமதி செய்யும் கொள்கை வந்தபின் குரோமிய முறை பரவியது, தொழில் பெருகியது, நீரும் கெட்டது. தோல் கெடாதிருக்க இடும் உப்பு, ஊறவைக்கும்போது நீரோடு வெளியேறி மண்ணுக்குள் இறங்கிற்று. 1991இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியளவோ முழுமையாகவோ பயனற்றுப் போனது என்ற ஆய்வுக் கணக்கு அத்தீர்ப்பில் இடம்பெற்றது. கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளுள் அது ஒன்று. சட்டக் கல்லூரி மாணவர்கள் நாடெங்கும் வேலூரின் பெயரால் அதனைப் படிக்கிறார்கள். அந்தப் புகழ் நமக்கு வேண்டியிருக்கவில்லை.

அதன்பின் எதுவுமே நடக்கவில்லை என்று கூறுவது பொய்யாகும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன; கழிவுநீரை வெளிவிடாமல் மீளப் பயன்படுத்தும் முறைக்கு நம் தொழிலதிபர்கள் பெரும் பொருள் செலவிட்டார்கள். ஆனால் நீரை ஆவியாக்கியபின் எஞ்சும் உப்பை எங்கே வைப்பது என்ற வினாவிற்கு விடையில்லை. 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டி உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் மாண்டனர். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்கவும், கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் ஆணையிட்டது. அங்கே 1977க்கும் 1987க்கும் இடையே பத்தாண்டுகள். இங்கே முதல் தீர்ப்புக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ முப்பதாண்டுகள்.

இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். சிங்கப்பூர் ஆறு ஒரே நகருக்குள் ஓடுவது. பாலாறு மூன்று மாநிலங்களில் 348 கிலோமீட்டர் கடப்பது. அங்கிருந்த அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தது, வாரிக் கொட்ட முடிந்தது. இங்குள்ளது கிணற்றடியில் கரைந்து கிடக்கிறது. 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்து மாதனூர்–குடியாத்தம் வழியிலுள்ள தரைப்பாலத்தைச் சேதப்படுத்தியபோதுகூட, ஆண்டுக்கணக்கில் மண்ணில் இறங்கிய உப்பை ஒரு வெள்ளத்தால் அடித்துச் செல்ல இயலாது என்பதை உழவர்கள் அறிந்தே இருந்தார்கள். வேறுபாடுகளை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கும் ஆற்றைக் கெடுத்தது மக்களின் பிழைப்பே. அதே பிழைப்பைக் கைவிடாமல் வேறு முறையில் நடத்த வழிசெய்தார்கள் என்பதை மறுக்க முடியாது. தோல் தொழில் ஈட்டிய பொருளே 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி தொடங்கி இவ்வட்டாரத்துக் கல்விக்கூடங்கள் பலவற்றை எழுப்பியது. அக்கூடங்களில் கற்றவர்களும் கற்பிப்பவர்களும் ஆற்றைப் பற்றிப் பேசக் கூசுவது ஏன்? ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்னும் கருத்துடைய நபிமொழியை மேடைதோறும் எடுத்துரைக்கும் சமுதாயம் நாம்.

அடுத்த விடுமுறையில் சிங்கப்பூர் செல்லவிருக்கும் மாணவர் எவரேனும் இதனைப் படித்தால், இரண்டாம் நாள் காலையை ஆற்றுக்கென ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தெலுக் ஆயர் நிலையத்தில் இறங்கித் தர்கா நினைவிடத்தையும் ஜாமிஆ பள்ளியையும் பார்த்துவிட்டுப் படகுத்துறைக்கு இறங்கலாம். முஸ்தபா அங்காடி எங்கும் போய்விடாது.

சமுதாயப் பெரியவர்களுக்கும் கல்லூரி நிர்வாகத்தினர்க்கும் ஒரு வேண்டுகோள். சிங்கப்பூர் அரசு 1979இலேயே வாய்மொழி வரலாற்றுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றை நிறுவி, எளிய மக்களின் நினைவுகளையும் ஒலிப்பதிவு செய்து ஆவணக் காப்பகத்தில் வைத்தது. பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்தவர்கள், ஆவாரம்பட்டைக் குழிகளில் இறங்கித் தோல் மிதித்தவர்கள், கிணற்று நீர் உப்பான ஆண்டை நினைவில் வைத்திருக்கும் உழவர்கள் மாதனூரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அனைவரும் எழுபதைக் கடந்தவர்கள். நம் தமிழ்த்துறை மாணவர்கள் இவ்வாண்டிலேயே அவர்களைத் தேடிச் சென்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அதற்கான ஒலிப்பதிவுக் கருவிகளையும் போக்குவரத்துச் செலவையும் நிர்வாகம் ஏற்க வேண்டும்.