கிரெம்ளினில் அதிகார மாற்றம்

1957 ஜூனில், சோவியத் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமைக் குழுவின் பெரும்பான்மையினர் தம்மை நீக்க முற்பட்டபோது, மத்தியக் கமிட்டியைக் கூட்டி அதன் பலத்தால் மொலட்டோவ், மாலங்கோவ் முதலியோரை வீழ்த்திய கட்சித் தலைவர் குருஷ்சேவை, கருங்கடற்கரையில் ஓய்வு கொண்டிருந்த இடத்திலிருந்து வரவழைத்து, 1964 அக்டோபர் 14-ஆம் தேதி பதவியிறக்கியதும் அதே மத்தியக் கமிட்டிதான். முதுமையும் தேக அசௌக்கியமுமே காரணம் என்றது அறிவிப்பு, நம்பியவர் யாரோ! கட்சி பிரெஷ்னேவிடமும், அரசாங்கம் கொசிகினிடமும் சென்றன. சுப்ரீம் சோவியத் என்ற பாராளுமன்றத்தின் தேர்தல்தோறும் ஒரே பெயர் அச்சிட்ட சீட்டைப் பெட்டியிலிட்டுவந்த கோடானுகோடிப் பிரஜைகளுக்கு இம்மாற்றத்தில் லவலேசமும் பங்கில்லை. மூடிய கதவுகளுக்குள் நிகழ்ந்த வாதப் பிரதிவாதங்களை அறியவும் அவர்களுக்கு மார்க்கமில்லை. ஆயினும், ஸ்டாலின் காலத்தில் அதிகாரப் போட்டியில் தோற்றவர் உயிர் தப்புவதே துர்லபமாயிருக்க, குருஷ்சேவுக்கு ஓய்வூதியமும் வசிக்க வீடும் கிடைத்தன.