மச்சமும் தழும்பும்

என் மகளின் இடது புருவத்துக்கு மேலே அரை விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. அந்தத் தழும்பின் கதையைப் பத்திரிகையில் எழுதுவதா வேண்டாமா என்று வெகுநாள் யோசித்தேன். அது சொந்த வீட்டு விஷயம். அதிலும் எனக்குப் பெருமை தரும் விஷயமல்ல.

ஆனால் சமீபத்தில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். விவசாயத் தொழிலாளர்களின் குடிசைகள். ஒரு குடிசை வாசலில் ஒரு தாய் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். நல்ல வெயில். ஆனாலும் குழந்தையின் முகம் துணியால் மூடியிருந்தது. "ஏனம்மா, குழந்தைக்குப் புழுங்காதா?" என்று கேட்டேன். அவள் தயங்கித் துணியை விலக்கினாள். குழந்தையின் மேலுதட்டில் கொவ்வைப் பழம்போல ஒரு சிவப்புக் கட்டி.

"கெரகணம் புடிச்சிருச்சுங்க. எந் தப்புத்தானுங்க" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டாள்.

இதே வார்த்தையை என் வீட்டில் கேட்டிருக்கிறேன். இதே தலைகுனிவை என் மனைவியிடம் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கிரகணத்து இரவு

என் மனைவி ஒரு நூல் மில்லில் வேலை செய்கிறவள். 2018 ஜூலை 27-ந் தேதி இரவு முழுச் சந்திர கிரகணம். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். அன்று அவளுக்கு இரண்டாவது ஷிப்டு. ஷிப்டு முடிந்து மில் வண்டியில் வந்து இறங்கும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. கிரகணம் பிடித்துக்கொண்டிருந்தது. என் தாயார் வாசலில் நின்றபடியே, "ஒரு நாளைக்கு லீவு போட்டா என்ன, அம்மிணி? புள்ளத்தாச்சி வெளிய வர்ற நேரமா இது?" என்று கடிந்துகொண்டார். அவள் என்ன செய்வாள்? டெம்பரவரி வேலை. லீவு போட்டால் கூலி போகும். அடுத்த வாரம் வேலையே போகலாம்.

நவம்பரில் எட்டாம் மாதத்திலேயே பிரசவமாயிற்று. பெண் குழந்தை. எடை ஒரு கிலோ 900 கிராம். உடம்பில் ஒரு குறையும் இல்லை. இரண்டு வாரம் கழித்து, புருவத்துக்கு மேலே கொசு கடித்ததுபோல ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. ஒரு மாதத்தில் அது மிளகளவாயிற்று. மூன்று மாதத்தில் சுண்டைக்காய் அளவுக்குச் செக்கச்செவேலென்று புடைத்துவிட்டது.

"அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டனே!" என்றார் தாயார். பக்கத்து வீட்டார் வந்தார்கள், பார்த்தார்கள், அவர்களும் அதையே சொன்னார்கள். என் மனைவி யாருக்கும் பதில் சொல்லவில்லை. இரவில் என்னிடம் மட்டும், "ஏனுங்க, நிசமாவே என்னாலதானா?" என்று கேட்டாள்.

நான் மேடைகளில் மூடநம்பிக்கையைக் கிழிகிழியென்று கிழிக்கிறவன். கிரகணம் என்பது பூமியின் நிழல் நிலாவின் மேல் விழுவதுதான் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பந்து வைத்து விளக்கியிருக்கிறேன். அன்று என் வீட்டில் என்ன செய்தேன்? "அதெல்லாம் ஒன்றுமில்லை, தூங்கு" என்றேன். அவ்வளவுதான். தாயாரிடம் வாதாடவில்லை. அக்கம்பக்கத்தாரை மறுத்துப் பேசவில்லை. வீட்டுச் சண்டை எதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன்.

என் மௌனத்தை என் மனைவி எப்படி எடுத்துக்கொண்டிருப்பாள்? குற்றம் அவளுடையதுதான் என்று நானும் நினைப்பதாகத்தானே!

குல்லாய்

அதன் பிறகு குழந்தைக்கு ஒரு கம்பளிக் குல்லாய் வந்து சேர்ந்தது. வெளியே தூக்கிப் போகும்போதெல்லாம் புருவம்வரை இழுத்துவிட்ட குல்லாய். தடுப்பூசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோதும் அதே குல்லாய்தான். மூன்றாம் தடவை நானும் கூடப் போனேன். நர்ஸ் தொடையில் ஊசி போட்டார், அட்டையில் எழுதினார், அனுப்பிவிட்டார். வரிசையில் நிற்கும்போது குழந்தையின் குல்லாய் நழுவியது. அதை இழுத்துவிட்ட கை என்னுடையது.

மருந்து தெரிந்தவர்கள் இருக்கும் இடத்துக்கு மூன்று தடவை போயும், மூன்று தடவையும் மறைத்துக்கொண்டு திரும்பினோம்.

காப்பித் தூள்

மூன்றாம் மாதத்திலேயே மனைவி மில்லுக்குத் திரும்பிவிட்டாள். குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆனபோது, 2019 ஆகஸ்டில் ஒருநாள், தாயார் அடுப்படியில் இருந்தார். நான் திண்ணையில் உட்கார்ந்து ஒரு துண்டறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். குழந்தை தொட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. கை வழுக்கி நிலைப்படியின் விளிம்பில் நெற்றி மோத விழுந்தது. சிவப்புக் கட்டி கிழிந்துவிட்டது.

அவ்வளவு சிறிய தலையிலிருந்து அவ்வளவு ரத்தத்தை நான் எதிர்பார்க்கவில்லை. மூளை நின்றுவிட்டது. யாரோ "காப்பித் தூள், காப்பித் தூள்" என்று கத்தினார்கள். டப்பாவோடு எடுத்துக் காயத்தில் அப்பினேன். பகுத்தறிவு பேசுகிற நான்தான் அப்பினேன். ரத்தம் தூளையும் நனைத்துக்கொண்டு வழிந்தது.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் குழந்தையை வாங்கினார். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து அழுத்திப் பிடித்தார். எடுத்து எடுத்துப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிஷம் விடாமல் அழுத்தினார். ரத்தம் நின்றுவிட்டது. இதை நான் வீட்டிலேயே செய்திருக்கலாம். துணிக்கும் கைக்கும் காசு வேண்டியதில்லை. தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து காப்பித் தூளைக் கழுவி எடுத்தார்கள். குழந்தை வீறிட்டதை இங்கே எழுத முடியவில்லை. அப்படியும் காயம் சீழ் வைத்தது. மூன்று வாரம் தினமும் கட்டு மாற்ற அலைந்தோம். என் மனைவிக்கு எத்தனையோ ஷிப்டு கூலி போயிற்று.

டாக்டர் சொன்னது

அந்த டாக்டர் அம்மா பொறுமைசாலி. குழந்தைக்கு வாந்தி உண்டா, மயக்கம் உண்டா, வலிப்பு வந்ததா என்று முதலில் கேட்டார். தலையில் அடிபட்ட குழந்தைக்கு இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது என்றார். பிறகு கட்டியைக் காட்டி, "இதை ஏன் இத்தனை நாள் காட்டவில்லை?" என்றார். என் மனைவி கிரகணத்தைச் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. உட்காரவைத்து விளக்கினார். அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இந்தக் கட்டிக்கு ஹீமாஞ்சியோமா என்று பெயர். தோலுக்கு அடியில் மெல்லிய ரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறிப் பெருகி உண்டாவது. நூறு குழந்தைகளில் நான்கைந்து பேருக்கு வருகிறது. பெண் குழந்தைகளுக்கும், குறை மாதத்தில் பிறந்த, எடை குறைந்த குழந்தைகளுக்கும் அதிகம் வருகிறது. பிறந்த சில வாரங்களில் தோன்றும். முதல் ஐந்து மாதத்துக்குள் வேகமாக வளரும். ஒரு வயதுக்கு மேல் தானாகவே வற்றத் தொடங்கும். பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் அடங்கிவிடும். அநேகக் குழந்தைகளுக்கு மருந்தே வேண்டாம்.

ஆனால் சில இடங்களில் சும்மா விடக் கூடாது. கண்ணருகே வந்தால் பார்வையை மறைத்துக் கெடுக்கலாம். உதட்டில் வந்தால் புண்ணாகிப் பால் குடிக்க முடியாமல் போகலாம். தாடை, கழுத்துப் பக்கம் வந்தால் மூச்சுக் குழாயிலும் இருக்கலாம். உடம்பில் ஐந்து, அதற்கு மேல் இருந்தால் ஈரலையும் பரிசோதிக்க வேண்டும். இப்படிப்பட்ட குழந்தைகளை முதல் மாதத்திலேயே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இதற்கு மருந்து கிடைத்த விதம் விசித்திரமானது. புரோப்ரனலால் என்பது 1960-களில் பிரிட்டனில் ஜேம்ஸ் பிளாக் என்ற விஞ்ஞானி இருதய நோய்க்காகக் கண்டுபிடித்த மருந்து. அவருக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது. பிரான்சில் போர்தோ நகரத்து ஆஸ்பத்திரியில் இந்தக் கட்டியுள்ள ஒரு குழந்தைக்கு இருதயக் கோளாறுக்காக அதைக் கொடுத்தார்கள். கட்டி நிறம் மாறிச் சுருங்கத் தொடங்கிற்று! டாக்டர்கள் மற்றக் குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்த்து 2008-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். இன்று அதுவே முதல் மருந்து. பழைய மருந்து, விலையும் மலிவு. ஆனால் கடையில் நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. இருதயத்தைப் பரிசோதித்து, எடைக்குத் தக்கபடி டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும். பால் குடிக்காத நேரத்தில் கொடுத்தால் குழந்தையின் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி ஆபத்தாகும்.

"மூன்று மாதத்தில் கொண்டுவந்திருந்தால் கட்டி இவ்வளவு வளர்ந்தே இருக்காது" என்றார் டாக்டர் அம்மா. காயம் ஆறியதும் மருந்து தொடங்கினார். எங்களிடம் காசு வாங்கவில்லை. குழந்தைக்கு மூன்று வயதானபோது கட்டி வெளுத்துத் தட்டையாகிவிட்டது. இன்று அது இருந்த இடம் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். காயத்தின் தழும்புதான் பளிச்சென்று தெரிகிறது. மச்சம் தானாக வந்து மறைந்துவிட்டது. தழும்பு எங்களால் வந்தது, நின்றுவிட்டது.

யார் குற்றம்?

கிரகணம்தான் காரணமென்றால், 2018 ஜூலை 27-ந் தேதி அந்தக் கிரகணம் இந்தியா முழுவதும் தெரிந்தது. ஆப்பிரிக்காவிலும் தெரிந்தது, ஐரோப்பாவிலும் தெரிந்தது. நிலா முழுசாக மறைந்திருந்தது மட்டும் 103 நிமிஷம். அத்தனை தேசத்துக் கர்ப்பிணிகளின் குழந்தைகளும் கட்டியோடா பிறந்தார்கள்? கிரகணமே தெரியாத காலத்தில் கருவுற்றுப் பிறந்த குழந்தைக்கும் இது வருகிறதே! ஒரே வயிற்றில் பிறந்த இரட்டைக் குழந்தைகளில் ஒன்றுக்கு வந்து மற்றதற்கு வராமல் இருப்பதும் உண்டு. கிரகணம் ஒன்றைத் தொட்டு மற்றதை விட்டுவிட்டதா?

இன்னொன்றையும் யோசியுங்கள். கிரகணத்தன்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்க யாரால் முடியும்? வீட்டில் சமையலுக்கு ஆள் வைத்திருப்பவளால் முடியும். ஷிப்டுக்குப் போகிறவளால் முடியாது. விடியுமுன் நாற்று நடப் போகிறவளால் முடியாது. ஆகவே இந்தப் பழி எப்போதும் உழைக்கிற தாயின் தலையில்தான் விழுகிறது. எட்டாம் மாதத்தில் எடை குறைந்து ஏன் பிறந்தது என்று கேட்பாரில்லை. கர்ப்பிணி என்ன சாப்பிட்டாள், எத்தனை மணி நேரம் நின்று வேலை செய்தாள் என்று கேட்பாரில்லை. கிரகணத்தில் ஏன் வெளியே வந்தாய் என்று கேட்க மட்டும் ஊரே திரண்டு வருகிறது!

என் தாயாரைக் குறை சொல்லவில்லை. வாழ்நாளெல்லாம் காட்டு வேலை செய்தவர். அவர் காலத்தில் குழந்தைக்கு ஒன்று வந்தால் விளக்கம் சொல்ல டாக்டர் பக்கத்தில் இல்லை. கிரகணம்தான் இருந்தது. டாக்டர் சொன்னதைக் கேட்டபின் அவரே மருமகளின் கையைப் பிடித்து, "நாந்தான் தெரியாமப் பேசிப்போட்டேன், அம்மிணி" என்றார். தெரிந்தும் பேசாதிருந்தவன் நான். அவரைவிட என் குற்றமே பெரிது.

செய்ய வேண்டியது

தோழர்களே! குழந்தைக்கு ஒன்றரை மாதத்திலும், இரண்டரை மாதத்திலும், மூன்றரை மாதத்திலும் தடுப்பூசி உண்டு. இந்தக் கட்டி வளருகிற காலமும் அதுவே. அன்று குல்லாயைக் கழற்றுங்கள், துணியை விலக்குங்கள். "இதைப் பாருங்கள்" என்று நர்ஸிடம் காட்டுங்கள். மச்சங்களில் பல வகை உண்டு. இடுப்புக்குக் கீழே நீலம் பாய்ந்ததுபோல் இருப்பது நம் குழந்தைகளுக்குச் சகஜம், சில வருஷத்தில் தானே மறையும். முகத்தில் தட்டையாக, கருஞ்சிவப்பாகப் பிறவியிலேயே இருப்பது தானே மறையாது, அதை டாக்டரிடம் காட்ட வேண்டும். எது எந்த வகை என்று படித்தவர்கள் சொல்லட்டும். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். காப்பித் தூளும் மஞ்சள் தூளும் சமையலறையிலேயே இருக்கட்டும்.

சங்கங்களுக்கும் வேலை இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய்க்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு வேண்டும் என்று 2017-ல் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். டெம்பரவரி என்றும் காண்ட்ராக்ட் என்றும் பெயர் வைத்து எத்தனை தாய்மாருக்கு அது மறுக்கப்படுகிறது! ஒவ்வொரு மில் வாசலிலும் இந்தக் கேள்வியை எழுப்ப வேண்டும். குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும் நாளில் தாயின் கூலி போகக் கூடாது.

ஆண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மேடையில் பேசுவது சுலபம். வீட்டில், சொந்தத் தாயாருக்கு முன்னால், "இவள் மேல் குற்றமில்லை" என்று ஒரு தடவை சொல்வதுதான் கஷ்டம். அதைச் சொல்லுங்கள். நான் சொல்லாததால் என் மகள் பட்டது போதும்.

அந்தக் குடிசைத் தாயிடம் இதையெல்லாம் சொன்னேன். அவளுடைய கணவனும் மாமியாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நால்வரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தைக்கு இரண்டரை மாதம்தான். மருந்து தொடங்கியாயிற்று.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். குழந்தையின் முகத்தில் துணி இல்லை.