யாரும் கேட்காத பயிற்சி



கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு அடுத்த வாரம், நம் புதுவை மிஷன் வீதியை அடுத்த ஓர் இல்லத்தை மந்திரிக்கச் சென்றிருந்தேன். முன்னறையில் ஒரு கீபோர்டு. அதன்மேல் துவைத்து மடித்த துணிகள். "சாமி, இதையும் மந்திரித்துவிட்டுப் போங்கள். நகையை அடகு வைத்து வாங்கியது. இரண்டு மாதமாகப் பையன் தொடவேயில்லை" என்றார் தாய். மாத இறுதிக்குள் அவன் ஒழுங்காகப் பழகாவிட்டால் விற்றுவிடுவதென்று தந்தை முடிவு செய்திருந்தார். பத்து வயதுப் பையன் கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனைத் தனியே அழைத்து வினவினேன். ஆசிரியை கடுமையானவரா? இல்லை. பள்ளிப் பாடம் மிகுதியா? அதுவும் இல்லை. "அக்கா படிக்கிறா, ஹெட்போன் போட்டுக்கிட்டு வாசின்னு சொல்றாங்க சாமி. நான் வாசிக்கிறது யாருக்குமே கேக்காது" என்றான்.

அந்தச் சொல் என்னை விட்டு அகலவில்லை. பிரான்சு நாட்டில் 1840-களில் உருப்பெற்ற ஆர்மோனியமும், அதற்கு முந்திய பியானோவும் வாயடைக்க இயலாத கருவிகள். பிள்ளை தட்டினால் வீடு முழுவதும் கேட்டாக வேண்டும். அடுத்த வீட்டாரும் கேட்டாக வேண்டும். நம் கடற்காற்றில் பியானோவின் கம்பிகள் துருப்பிடிக்கின்றன, மரம் உப்புகிறது; விலையோ எட்டாத உயரம். ஆகவே எண்பத்தெட்டுக் கட்டைகளுக்குப் பதிலாக அறுபத்தொரு கட்டைகள் கொண்ட மின்கருவியை வாங்குகிறோம். அதில் குற்றமில்லை. ஆனால் அதனோடு காதில் மாட்டும் கருவியையும் கொடுத்து, பிள்ளையின் இசையை அவன் தலைக்குள்ளேயே பூட்டிவிடுகிறோம். பிறகு அவனுக்கு ஆர்வமில்லை என்று குறைகூறுகிறோம்.

தேர்வுகளும் ஒரு காரணம். இலண்டன் திரித்துவக் கல்லூரி முதலிய அமைப்புகள் எட்டுப் படிகளாக நடத்தும் தேர்வுகள் நல்லவையே. முறையான பயிற்சிக்கு அவை வழி காட்டுகின்றன. எனினும் ஒரு படிக்குரிய மூன்று நான்கு உருப்படிகளையே ஆண்டு முழுவதும் அரைத்துக்கொண்டிருந்தால், பெரியவர்களுக்கே சலிக்கும். சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் 2019-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பத்து இலட்சம் டாலர் வென்ற காட்சியைக் காட்டி, "பார், உன் வயதுதான்" என்று சொல்லும் பெற்றோரையும் கண்டிருக்கிறேன். அச்சிறுவனின் தந்தையே இசையமைப்பாளர் என்பதை அவர்கள் நினைப்பதில்லை. அவ்வீட்டில் கேட்கும் செவி முன்னரே இருந்தது.

ஜெர்மானிய இசைமேதை பாக் தம் மாணவரைப் பழக்கிய விதத்தை, 1802-இல் அவர் வரலாற்றை எழுதிய ஃபோர்க்கெல் குறித்துள்ளார். முதலில் சில மாதங்கள் வெறும் விரற்பயிற்சி மட்டுமே. அதில் எவரேனும் பொறுமை இழப்பதைக் கண்டால், அதே பயிற்சிகளைக் கோர்த்துச் சிறு சிறு இசைத்துண்டுகளைத் தாமே எழுதிக் கொடுப்பாராம். தம் மூத்த மகனுக்கு ஒன்பது வயதானபோது, 1720-இல், அவனுக்கென்றே ஓர் இசைக் கையேடு தொடங்கினார். கடமையில் தளர்வில்லை, ஆனால் பிள்ளையின் கைக்கு எட்டியதும் வாசிக்கத் தகுந்ததுமான ஒன்று முன்னால் வைக்கப்பட்டது. பேத்தோவனும் தம் அண்ணன் தம்பி வழிப் பிள்ளைக்குக் கற்பித்த செர்னி என்ற ஆசிரியருக்கு எழுதிய கடிதமொன்றில், சிறு பிழைகளுக்காக இடையில் நிறுத்த வேண்டாம், உருப்படி முடிந்தபின் சுட்டிக்காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

இதை நான் எழுதுவதற்குத் தகுதி ஒன்று உண்டு, அது பெருமைக்குரியதன்று. இளங்குருமடத்தில் எனக்கும் ஆர்மோனியம் கற்பித்தார்கள். ஒவ்வொரு பிழைக்கும் விரல் முட்டியில் அளவுகோல் விழுந்தது. ஓராண்டில் விட்டுவிட்டேன். இன்றும் பாடகர் குழுவில் வாசிப்பவர் வராத நாளில் வலக்கையால் மட்டும் பாட்டை ஒருவாறு இழுத்துச் செல்கிறேன். இடக்கை சும்மா மடியில் கிடக்கிறது. (கோவிலுக்குள் பியானோவே கூடாதென்று 1903-இல் புனித பத்தாம் பத்திநாதர் ஆணையிட்டிருந்தார் என்பதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது, ஆர்மோனியத்தை அவர் தடுக்கவில்லை!)

அன்று அந்தப் பெற்றோரிடம் மூன்று மாதத் தவணை கேட்டேன். தந்தை அரைமனதோடு இசைந்தார். நாள்தோறும் இரவுச் செபமாலை முடிந்ததும் பதினைந்து நிமிடம், அதற்குமேல் வேண்டாம். ஞாயிறன்று இரண்டு மணிநேரம் உட்காரவைப்பதைவிட இதுவே விரலில் தங்கும். தடுமாறும் இரண்டு வரிகளை மட்டும் மெதுவாக, ஒவ்வொரு கையாகப் பழக வேண்டும். தொடக்கத்திலிருந்து ஓடிவந்து, வழக்கமான இடத்தில் தவறி, மறுபடியும் தொடக்கத்திற்கே ஓடுவது தவறைத்தான் பழக்கும். முடிவில், அவனுக்குப் பிடித்த பாட்டு ஒன்று, காதில் எதுவும் மாட்டாமல், யாரேனும் ஒருவர் கேட்க.

அந்த ஒருவர் யார் என்பதில்தான் சிக்கல். தந்தைக்கு இரவு வேலை, தாய்க்கு அடுப்படி, அக்காளுக்குப் படிப்பு. இறுதியில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறும் பாட்டனார் பொறுப்பேற்றார். அவருக்குச் செவி மந்தம். "சத்தமா வாசிடா, கேக்கல" என்று அவர் சொல்லச் சொல்லப் பையனுக்குக் கொண்டாட்டம். பிழை வந்தால் அவருக்குத் தெரிவதுமில்லை. அக்காள் அந்தப் பதினைந்து நிமிடமும் புத்தகத்தை மூடிவிடுகிறாள். அது அவளுக்கும் ஓய்வாயிற்று.

எல்லாம் சீராகிவிட்டதென்று சொல்லமாட்டேன். சில நாள் அவன் இன்னும் அழுகிறான். இரண்டு கையும் சேரும் இடத்தில் தாளம் ஓடிவிடுகிறது. சென்ற வாரம் நான் போனபோது, "சாமி, உங்களுக்கு இடக்கை வராதாமே? நான் சொல்லித் தரட்டுமா?" என்று கேட்டான். சனிக்கிழமை மாலை வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். மடித்த துணிகள் இப்போது நாற்காலியில் இருக்கின்றன.