கியர்பாக்ஸுக்கு பாட்டில் வைத்தியம் பார்க்கும் புண்ணியவான்களே!

பழைய கார் வச்சிருக்கிறவங்ககிட்ட "ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்ல ஆயில் ஒழுகுது"ன்னு வாய்தவறிச் சொல்லிப் பாருங்க. உடனே ரெண்டு கட்சி கிளம்பி வரும். ஒரு கட்சி "ஸ்டாப் லீக் ஒரு பாட்டில் ஊத்து, தானா நிக்கும்"னு சொல்லும். இன்னொரு கட்சி "மொத்தமா இறக்கி ரீபில்ட் பண்ணு"ன்னு சொல்லும். ரெண்டு கட்சிக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. வண்டிக்கு அடியில படுத்து எங்கேருந்து ஒழுகுதுன்னு பார்க்கிற வேலையை மட்டும் செய்ய மாட்டாங்க.

இந்தக் கடுப்புக்குக் காரணம் இருக்கு. இங்கே மிச்சிகன்ல நண்பர் ஒருத்தர் 1972 ஷெவ்ரலே ஷெவெல் வச்சிருக்கார். டர்போ ஹைட்ராமேட்டிக் 350 கியர்பாக்ஸ். (பேர்லதான் டர்போ, டர்போசார்ஜருக்கும் அதுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.) தினம் ஓட்டினா ஒரு சொட்டு விழாது. மூணு வாரம் ஷெட்ல நின்னா தரையில செக்கச்செவேல்னு ஒரு குளம். ஒரு கடையில கொண்டுபோய்க் காட்டியிருக்கார். பத்து நிமிஷம் பார்த்துட்டு, ரீபில்ட், 2,400 டாலர்னுட்டாங்க. மனுஷன் வண்டியை வித்துடலாம்ங்கிற முடிவுக்கே வந்துட்டார்.

அட, வியாதி என்னன்னு அவரே சொல்லிட்டாரே! ஓட்டினா ஒழுகல, நின்னாதான் ஒழுகுது. எஞ்சின் ஓடுறப்ப டார்க் கன்வர்ட்டர் வயித்துல நிறைய ஆயில் இருக்கும். வாரக்கணக்கா நின்னா அது மெதுவா வடிஞ்சு கீழே பேனுக்கு வந்துடும். மட்டம் ஏறும். டிரைவர் பக்கம், பேனுக்குக் கொஞ்சம் மேலே கியர் மாத்துற ஷாஃப்ட் வெளியே வர்ற ஓட்டையில ஒரு குட்டி சீல் இருக்கு. வயசாகி விறைச்சுப்போன சீல், ஆயில் அந்த உயரத்துக்கு வந்ததும் கசியுது. அவ்ளோதான். லீவரைக் கழட்டி, பழசை நெம்பி எடுத்து, புதுசை ஒரு சாக்கெட் வச்சுத் தட்டி உள்ளே இறக்கினோம். சீல் விலை பத்து டாலர்கூட இல்ல.

இதனாலயேதான் இந்த கியர்பாக்ஸுக்கு டிப்ஸ்டிக் பார்க்கிறப்ப எஞ்சின் சூடா, பார்க்ல ஐடில் ஓடிட்டே இருக்கணும். நின்ன வண்டியில பார்த்தா மட்டம் ஜாஸ்தியா காட்டும். அதை நம்பி ஆயிலை உறிஞ்சி எடுத்த மகானுபாவர்களும் இருக்காங்க.

ஒழுகுற இடம் தெரியணும்னா முதல்ல கழுவணும். டிகிரீஸர் அடிச்சு சுத்தமா துடைச்சுட்டு, ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. காத்து ஆயிலைப் பின்னாடி தள்ளிடும். அதனால சொட்டு விழுற இடத்தை விட்டுட்டு, ஈரம் இருக்கிறதுலயே மேலேயும் முன்னாடியும் இருக்கிற இடம் எதுன்னு தேடணும். வெள்ளைப் பேப்பர்ல ஒத்தி எடுத்தா சிவப்பு கியர்பாக்ஸ், கருப்பு பெரும்பாலும் எஞ்சின்.

அடுத்த பாவம், பேன்ல கசிஞ்சா போல்ட்டை இன்னும் முறுக்குறது. 13 போல்ட், தகரப் பேன். பலம் காட்டினா போல்ட் ஓட்டையைச் சுத்திப் பள்ளம் விழும், ரெண்டு போல்ட்டுக்கு நடுவுல கேஸ்கட் ஒட்டாது. முறுக்க முறுக்க இன்னும் ஒழுகும். பேனைக் கழட்டி, மரக்கட்டையில வச்சு சுத்தியலால தட்டி நேராக்கிட்டுப் புது கேஸ்கட் போடுறதுதான் வழி.

தரையில சொட்டே இல்லாம ஆயில் குறையுதா? எக்ஸாஸ்ட்ல வெள்ளைப் புகை வருதா? பின்பக்கம் வலதுபுறம் இருக்கிற வேக்குவம் மாடுலேட்டரோட குழாயைப் பிடுங்கிப் பாருங்க. உள்ளே சிவப்பா ஈரம் இருந்தா டயாஃப்ரம் கிழிஞ்சாச்சு, எஞ்சின் உங்க கியர்பாக்ஸ் ஆயிலை ஸ்ட்ரா போட்டுக் குடிச்சுட்டிருக்கு. ஒரே போல்ட், ஒரு கிளாம்ப். இதுக்கு எந்தப் பாட்டில் மருந்து கேட்கும்?

பாட்டில் கட்சிக்கு நியாயமா ஒண்ணு சொல்லிடுறேன். விறைச்ச ரப்பர் சீலை அது கொஞ்ச நாளைக்கு ஊத வைக்கும், மறுக்கல. ஆனா ஒழுகுற சீலை மட்டும் தேடிப்போய் ஊத வைக்க அதுக்குக் கண்ணா இருக்கு? உள்ளே கிளட்ச் பிஸ்டன்ல இருக்கிற நல்ல ரப்பரையும் சேர்த்துத்தான் பதம் பார்க்கும். கார்க் கேஸ்கட்டுக்கும் கிழிஞ்ச டயாஃப்ரத்துக்கும் ஒண்ணும் செய்யாது. "ஊத்தியாச்சுல்ல"ன்னு நிம்மதியா ஓட்டுவீங்க. மட்டம் இறங்கி பம்ப் காத்தை இழுக்கும், அழுத்தம் போகும், கிளட்ச் வழுக்கிக் கருகும். ஆயில் பழுப்பா, தீஞ்ச வாடையோட வந்தப்புறம் அந்த 2,400 டாலர் நிஜமாவே தேவைப்படும். ரெண்டு கட்சியும் கடைசில ஒரே கூட்டணிதான்!

பெல் ஹவுசிங் அடியிலேருந்து சிவப்பா சொட்டினா மட்டும் ஒத்துக்கிறேன், அது அநேகமா முன்பக்க பம்ப் சீல். கியர்பாக்ஸை இறக்கியே ஆகணும். அப்பவும் புஷ் தேஞ்சிருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. தேஞ்ச புஷ்ஷை விட்டுட்டுப் புது சீல் போட்டா அதுவும் ஒழுகும்.

டிஸ்கி 1: ஜாக்கை மட்டும் நம்பி அடியில போகாதீங்க, ஸ்டாண்டு போடுங்க. சூடான எக்ஸாஸ்ட் பைப்ல இந்த ஆயில் பட்டா தீப்பிடிக்கும், அதனால "கொஞ்சம்தானே ஒழுகுது"ன்னு விட்டுடாதீங்க.

டிஸ்கி 2: ஷெவெலுக்கு அடியில அட்டை விரிச்சு ஆறு வாரம் ஆச்சு. ஒரு சிவப்புப் பொட்டுகூட இல்ல. கருப்பா ஒண்ணு இருக்கு. அது எஞ்சின், அதுக்குத் தனிப்பதிவு வேணும் :-)