மீன்பாடி வண்டி செய்தவர் பொறியாளர் இல்லையா?

பழைய ஸ்கூட்டர் இன்ஜினை மூன்று சக்கர மிதிவண்டியில் வெல்டிங் வைத்துப் பொருத்தினால் சென்னையின் மீன்பாடி வண்டி. முன்னால் சரக்கு, பின்னால் ஓட்டுபவர்; திரும்ப வேண்டுமென்றால் சுமையோடு முன்பெட்டியையே திருப்ப வேண்டும். ஓட்டிப் பாருங்கள், கைவேலை புரியும்.

இதையே கல்லூரி மாணவர் செய்தால் புராஜெக்ட், பரிசு. சேரி இளைஞர் செய்தால் பறிமுதல். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 2(28), நான்கு சக்கரங்களுக்குக் குறைவான வண்டிக்கு 25 சி.சி. வரைதான் விலக்களிக்கிறது. எந்த ஸ்கூட்டர் இன்ஜின் அதற்குள் அடங்கும்?

பிரேக் போதாது என்பது உண்மை. அடிபடுவதும் பெரும்பாலும் நம் ஆட்கள்தான். அதனால்தான் கேட்கிறோம் தோழர்களே: உடைத்துப் பழைய இரும்புக்குப் போடாமல், சோதித்து, பிரேக்கைத் திருத்த வைத்து, பதிவு எண் கொடுக்கட்டும். பதிவு இருந்தால் காப்பீடு எடுக்கலாம்; அடிபட்டவர் இழப்பீடு கேட்கவும் வழி பிறக்கும்.