தாய்க்கு மட்டுமா இந்தச் சுமை?

குடும்பக் கட்டுப்பாடு என்றதும் நெருக்கடி நிலைக் கொடுமைதான் பலருக்கு நினைவு வரும். 1976-77இல் 80 லட்சம் பேருக்கு மேல் ஆபரேஷன் நடந்தது, பெரும்பாலோர் ஆண்கள். வற்புறுத்தலுக்கு ஆளானவர்கள் ஏராளம். அதன்பின் ஆண்கள் ஒதுங்கிக்கொள்ள, சுமை முழுவதும் பெண்கள் தலையில் விழுந்தது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்கள் ஆயிரம் பேரில் சுமார் 380 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது மூன்றே குடும்பங்களில். 2014இல் பிலாஸ்பூர் மாவட்ட முகாம்களில் அவசர ஆபரேஷனுக்குப் பின் பத்துக்கும் மேற்பட்ட தாய்மார்கள் மாண்டனர்.

அதற்காகக் கருத்தடையே வேண்டாம் என்போமா? கூடாது! அடுத்தடுத்துப் பிள்ளை பெறும் தாய்க்கு ரத்தசோகை வருகிறது. பிரசவத்தில் ரத்தம் போனால் அவள் உடம்பு தாங்காது. ஒரு பிரசவத்துக்குப் பின் இரண்டாண்டாவது கழிந்தே மறுபடி கர்ப்பம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காப்பர்-டி, மாத்திரை, ஊசி எல்லாம் இதற்குத்தான்.

நாம் கேட்பது இதுதான்: எதை ஏற்பது என்பதைப் பெண்ணே முடிவு செய்யட்டும். வெளிமாநில ஆஸ்பத்திரியில் நம் பெண்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சொல்லட்டும்.

ஆண் தோழர்களே! ஆண்களுக்கான ஆபரேஷன் சில நிமிட வேலை, வயிற்றைக் கிழிப்பதில்லை, உழைக்கும் பலமும் குறையாது. போதும் என்று முடிவெடுத்த குடும்பத்தில் நாமே முன்வருவோம்!